ஒரே வளாகம், இரண்டு ஓ.பி. சீட்டு: அரசு மருத்துவமனை சித்தப் பிரிவு எதற்கு உதவும், எதற்கு உதவாது

அரசு மருத்துவமனைக்குள் நுழைந்து, ஊசி போடும் அறையையும் எக்ஸ்ரே அறையையும் தாண்டிப் போகும்போது எங்காவது தைல வாசம் அடித்தால் சித்தப் பிரிவு அங்கேதான். பெரும்பாலும் பின்கட்டில் இருக்கும். ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், இரண்டு பெஞ்சு. 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் இப்படி ஓர் அறை ஒதுக்கினார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, மருந்துக்கும் காசில்லை. உட்கார்ந்திருக்கும் டாக்டர் பி.எஸ்.எம்.எஸ். படித்தவர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு, எம்.பி.பி.எஸ். போலவே.

கார்ப்பரேட் மருத்துவமனைகள் 'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்று பேக்கேஜ் போட்டு விற்பதை இந்த வளாகங்கள் இலவசமாகத் தருகின்றனவா என்றால், பாதி தருகின்றன. ஆங்கில மருத்துவமும் சித்தமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சீட்டு தனி, பதிவேடு தனி, மேலே துறையும் தனி. இங்கே எழுதிக் கொடுத்தது அங்கே தெரியாது. இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவருக்கு இது அருமையான சேவை. தெரியாதவருக்குச் சில நேரம் வம்பாகவும் முடியும்.

ஒரு முழங்கால், இரண்டு அறை

58 வயது அம்மா, வலது முழங்கால் தேய்மானம், எட்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். எந்த ஊர் ஓ.பி. வரிசையிலும் இப்படி ஒருவர் நிற்பார். அவரை இரண்டு அறைக்கும் அனுப்பிப் பார்ப்போம்.

எலும்பு ஓ.பி.யில் கூட்டம் வாசல்வரை நிற்கும். "எத்தனை நாளா வலிக்குதும்மா? மாடி ஏறினா அதிகமாகுதா?" முட்டியை மடக்கி நீட்டி, உள்ளங்கையை வைத்து நறநறப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எழுதுவார். நின்றபடி எடுக்கச் சொல்வார், அதில் விஷயம் இருக்கிறது. படுத்து எடுத்தால் உடல் பாரம் மூட்டில் விழாது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பது படத்தில் தெரியாமல் போகலாம். படத்தைப் பார்த்துவிட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் 50 மி.கி. காலையும் இரவும் ஐந்து நாள், வயிற்றுக்கு ஒரு மாத்திரை, கால்சியம். "வெயிட்டைக் குறைங்க, பிசியோதெரபி போங்க." மூன்று நிமிடத்தில் முடிந்தது. குறைவான நேரம்தான், ஆனால் வெட்டி நேரம் இல்லை. மூட்டுக்குள் சீழ், எலும்பு முறிவு, கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய இந்த அறையை விட்டால் வேறு வழி கிடையாது.

சித்தப் பிரிவில் கேள்விகள் வேறு பக்கம் போகும். பசி எப்படி, மலம் தினமும் போகிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், காலையில் முட்டி எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிக்கிறது, புளி அதிகம் சேர்ப்பீர்களா. நாடி பார்ப்பார். நாடி, தொடுகை, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர் என்று எண்வகைத் தேர்வு பாடத்தில் இருக்கிறது. சிறுநீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்லும் நெய்க்குறியும் இருக்கிறது, ஓ.பி. நெரிசலில் அதற்கெல்லாம் நேரம் ஏது? பதிவேட்டில் மூட்டுத் தேய்மானத்துக்கான சித்தப் பெயர் 'அழல் கீல் வாயு' என்று ஏறும். உள்ளுக்கு அமுக்கராச் சூரணம் (அமுக்கரா என்பது அஸ்வகந்தா), வெளிப்பூச்சுக்கு ஒரு வாதத் தைலம், ஒற்றடம், ஆள் வசதி இருந்தால் தொக்கணம் என்கிற மசாஜ், கடைசியில் பத்தியம். எப்படியும் பத்து நிமிடம் ஆகிவிடும்.

'ஆங்கில மருத்துவம் அறிகுறிக்கு, நம் மருத்துவம் வேருக்கு' என்று ஒரு வசனம் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு அறையிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அது நிற்காது. நிமோனியாவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் கிருமியையே கொல்கிறது. அதைவிட ஆழமான வேர் எது? வலிக்கிற இடத்தில் தைலம் தேய்ப்பது அறிகுறிக்குச் செய்யும் வைத்தியம்தானே? உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நோய் இருக்கிற ஆயிரம் பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது ஆங்கில மருத்துவம். எதிரே உட்கார்ந்திருக்கும் உடம்பின் வாகு, வயது, பசி, பருவகாலம் பார்த்து, அதே நோய்க்கு ஆளுக்கு ஒரு மருந்து மாற்றுவது சித்தம். முன்னது எண்ணிக்கையில் பலசாலி. ஆனால் பசியும் தூக்கமும் எப்படி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பின்னது அதையெல்லாம் கேட்கிறது. ஆனால் 'இது வேலை செய்ததா, நோய் தானாகவே அடங்கியதா' என்று கேட்டால் திணறுகிறது. ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற பெயருக்குத் தகுதியான சேவை, முதல் அறையின் கணக்கையும் இரண்டாம் அறையின் கேள்விகளையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். நம் வளாகங்களில் அந்தத் தாள்தான் இல்லை.

முழங்காலுக்கு: நல்ல மதிப்பெண்

முழங்கால் தேய்மானத்தில் இரண்டு அறையும் சண்டை போட ஒன்றுமே இல்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மருந்தை விழுங்குவதற்கு முன் மேல்பூச்சு: ஆங்கில மருத்துவ வழிகாட்டுதல்களே இந்த வரிசையில்தான் போகின்றன. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். மூன்று நிமிட ஓ.பி.யில் இதை விளக்க நேரம் கிடைக்காததால் சீட்டில் மாத்திரை மட்டும் மிஞ்சுகிறது.

அந்த மாத்திரையை நம் 58 வயது அம்மா ஐந்து நாளோடு நிறுத்த மாட்டார். மெடிக்கலில் அதே பட்டையைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குவார். அவருக்குப் பிரஷருக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்ட்டனோ ஓடுகிறது, கூடவே நீர் மாத்திரையும் இருக்கிறது என்றால், வலி மாத்திரையோடு மூன்றும் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் மூன்று பக்கமும் இறங்குகிறது. சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்தை அரித்துவைத்திருக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியபிறகுதான் விஷயம் வெளியே வரும். தைலமும் ஒற்றடமும் அந்த மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே சித்தப் பிரிவு தன் வேலையைச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் கோட்டை விடுவதுதான் அதிகம். தைலத்தை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். ஒரு முட்டிக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். சில்லுக்கு மேல் அழுத்தாமல், அதைச் சுற்றியும் தொடையின் கீழ்ப்பகுதியிலும் பத்து நிமிடம் தேய்க்கலாம். பிறகு நொச்சி, தழுதாழை, எருக்கு என்று கிடைக்கிற இலையை வதக்கியோ, உப்பைத் துணியில் முடிந்து தோசைக்கல்லில் சூடாக்கியோ ஒற்றடம். இங்கேதான் சர்க்கரைக்காரருக்குக் கண்டம். கால் மரத்திருந்தால் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். முடிச்சின் சூட்டை வீட்டில் சர்க்கரை இல்லாத ஒருவர் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தபிறகே கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்து அழுத்தக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

ஒற்றடம் முடிந்த கையோடு பயிற்சி. தசை தளர்ந்திருக்கும் அந்த நேரத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தைலம் மட்டும் தேய்த்துப் பயிற்சியை விட்டவருக்கு வலி ராத்திரி மட்டும் குறையும், மாடிப்படி ஏறும் சிரமம் மாறாது.

தொக்கணத்துக்கும் வர்மத்துக்கும் எல்லை உண்டு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரும் எலும்பு மெலிந்தவரும் வர்ம அழுத்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அமுக்கராச் சூரணம் பற்றி ஒரு வார்த்தை. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகிற அழகான கணக்கு. கூட்டிப் பாருங்கள், பாதி சர்க்கரை! வேளைக்கு இரண்டு கிராம் சூரணத்தில் ஒரு கிராம் சர்க்கரை பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அதே காரணத்துக்காக லேகியமோ மணப்பாகோ (சர்க்கரைப் பாகு மருந்து) வாங்கி ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டால் கணக்கு மாறும். 'இயற்கை மருந்துதானே' என்று சர்க்கரைக்காரர்கள் லேகிய டப்பாவை ஒரு வாரத்தில் காலி செய்வது வழக்கமான காட்சி.

குடிநீர் காய்ச்சுவது

2012ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். 2020ல் கொரோனாவுக்கு வந்த கபசுரக் குடிநீரில் 15. இரண்டுக்கும் வீட்டில் காய்ச்சும் முறை ஒன்றுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் பொடி, 240 மி.லி. தண்ணீர்; சிறுதீயில் 60 மி.லி. ஆகும்வரை, நாலில் ஒரு பங்காக வற்ற வேண்டும். வடிகட்டி மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

எங்கே தப்புகிறது? பொடி ஒன்றிரண்டாக இடித்ததாக இருக்க வேண்டும். வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த நைஸ் பொடியில் காய்ச்சினால் வடிகட்டியில் நிற்காது. குழம்பாக அடியில் தங்கும், குடிப்பவருக்குக் குமட்டும். பெருந்தீயில் ஐந்து நிமிடத்தில் கொதிக்கவிட்டு இறக்கினால் தண்ணீர்தான் வற்றும், சரக்கு இறங்காது. காலையில் ஒரு பானை காய்ச்சி ராத்திரிவரை சூடு பண்ணிக் குடிப்பதும் தப்பு. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் போதும்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும், டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று ஏதாவது ஒன்று வந்தால் குடிநீரை வைத்துவிட்டு வார்டுக்கு ஓட வேண்டும். அங்கே ரத்தத் தட்டணுக்களோடு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோக்ரிட்டையும் பார்ப்பார்கள். ரத்தத்திலிருந்து நீர் கசிகிறதா என்பதை அதுதான் சொல்லும். நாடியால் அந்த எண்ணைச் சொல்ல முடியாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இரண்டு சீட்டும் மோதும் இடம்

'அலோபதி மாத்திரைக்கும் சித்த மருந்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் போதும்' என்று இரண்டு அறையிலும் சொல்வார்கள். பாதிதான் சரி. இடைவெளி என்பது இரைப்பையில் நடக்கும் மோதலை மட்டும் தவிர்க்கும். ரத்தத்துக்குள் போனபிறகு நடப்பதை அரை நாள் இடைவெளிகூடத் தடுக்காது.

இரைப்பையில் நடப்பதற்கு உதாரணம் தைராய்டு மாத்திரை. பற்பம் என்பது புடமிட்டு நீறாக்கிய மருந்து. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவளப் பற்பம் எல்லாம் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து. செந்நிறப் பொடியான அயச் செந்தூரம் இரும்பு. தைராக்சின் மாத்திரையை இந்த இரண்டும் வயிற்றுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், உறிஞ்ச விடாது. இங்கே ஒரு மணி நேரம் போதாது, நான்கு மணி நேரம் வேண்டும். விடியற்காலை வெறும் வயிற்றில் தைராக்சின், பற்பமும் செந்தூரமும் மதியத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. இதைக் கவனிக்காமல் டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது ரத்தத்தில் ஏறும் அளவு) ஏறிக்கொண்டே போக, மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக்குகளும் இதே ரகம். அமுக்கராவோ நேராகவே தைராய்டு அளவைக் கூட்டக்கூடியது. அது இடைவெளியால் தீராது. ரத்தப் பரிசோதனையால்தான் பிடிபடும்.

ரத்தத்துக்குள் நடப்பதற்குச் சர்க்கரை நல்ல உதாரணம். ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு. சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடிய சரக்குகள் இதில் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஓடுகிறவருக்குத்தான் சர்க்கரை 70க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, விடியற்காலையில் மயங்கும் ஆபத்து. தொடங்கிய முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறிக்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 'மூலிகை ஆரம்பித்துவிட்டேன்' என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது இதற்கு நேர் எதிர்த் தவறு. சின்ன வயதில் இன்சுலினில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு வந்துவிடும்.

அதிமதுரம் இருமலுக்கு நல்லது, தொண்டைக்கு இதம். வாரக்கணக்கில் தினமும் உள்ளே போனால் உடம்பில் உப்பை நிறுத்தி, பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரைக் கூட்டும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்குவது. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். பத்தியத்திலும் இப்படி ஒரு மறைவான மோதல் உண்டு. சில செந்தூரங்களுக்கு உப்பில்லாப் பத்தியம் சொல்வார்கள். வயதானவர், நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், உப்பை முழுக்க விட்டால் சோடியம் இறங்கிப் பேச்சு குழறி ஐ.சி.யூ.வில் சேர நேரும். வீட்டில் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கத்தில் ஆங்கில மருந்து, வலது பக்கத்தில் சித்த மருந்து, பெயர், அளவு, வேளை. சித்தப் பிரிவில் 'சூரணம், மாத்திரை' என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பொட்டலத்தில் பெயர் இருக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறதென்றால், கொண்டுவரும் பணியாளரிடமும் அந்த நோட்டைக் காட்டலாம். ஆங்கில டாக்டரிடம் "சித்த மருந்து சாப்பிடலாமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் நிறுத்துங்க" என்பார். பிறகு நோயாளி நிறுத்தவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். "இந்தச் சூரணம் ஒரு மாசமா சாப்பிடுறேன், கிரியேட்டினின், எஸ்.ஜி.பி.டி., பொட்டாசியம் பார்க்கலாமா?" என்று கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள் (எஸ்.ஜி.பி.டி. கல்லீரலுக்கான சோதனை). ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது), கந்தகம் சேர்ந்த மருந்து எதுவானாலும் தொடங்குவதற்கு முன் ஒரு முறை, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு முறை இந்தப் பரிசோதனைகள் வேண்டும். லேப் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

கீழாநெல்லிக் கணக்கு

இரண்டு அறையும் ஒரே தாளில் எழுதிய ஒரு தருணம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்ததைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976ல் நோபல் பெற்ற புளும்பெர்கும் சேர்ந்து சோதித்தார்கள். 1988ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை.

இதைச் சித்தத்தின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு, சதி என்பவர்களும் உண்டு. இரண்டுமே வீண் பேச்சு. ஒரு பச்சிலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், கணக்கு மறுமுறை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். காமாலை வந்தவர் இன்று செய்ய வேண்டியது, அது எந்தக் காமாலை என்று பார்ப்பது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே அடங்கும். எந்த இலை கொடுத்தாலும் அந்த இலைக்குப் பேர் கிடைக்கும். பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்து வந்த காமாலைக்கு இலை கொடுத்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிருந்தால் முதலில் ஸ்கேன்.

தோல் பக்கம் வந்தால் காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) இந்தப் பிரிவு கொடுக்கும் வெட்பாலைத் தைலம் பலருக்கு அரிப்பையும் செதிலையும் தணிக்கிறது. இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளவும். விரல் மூட்டும் சேர்ந்து வீங்குகிறதென்றால் எண்ணெயோடு நிற்காமல் மூட்டுவாத நோய் (ருமட்டாலஜி) டாக்டரைப் பார்க்க வேண்டும், விட்டால் மூட்டு கோணிவிடும்.

சித்தப் பிரிவுக்குப் போகவே கூடாத நேரங்கள் தெரிந்தவைதான்: நெஞ்சுவலி, பாம்புக்கடி, வாய் கோணுதல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 108ஐக் கூப்பிடுங்கள், தைலம் பிறகு, மறுவாழ்வு சிகிச்சைக் கட்டத்தில், உண்மையிலேயே பயன்படும். புற்றுநோயில் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை அமெரிக்காவின் யேல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, அவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது. கீமோவால் வரும் குமட்டலுக்கும் அசதிக்கும் யோகா உதவலாம், கீமோவின் இடத்தில் அதை வைக்க முடியாது.

கடையில் வாங்கினால்

சித்தப் பிரிவில் மருந்து தீர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். தைலம் ஒரு வாரத்துக்கு மட்டும் ஊற்றுவார்கள், பல இடங்களில் குப்பியும் நாமே கொண்டுபோக வேண்டும். வெளியே வாங்க நேர்ந்தால் அரசின் டாம்ப்கால், திருவான்மியூர் இம்ப்காப்ஸ் தயாரிப்புகள் பரவாயில்லை. எதை வாங்கினாலும் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் லேபிளில் இருக்க வேண்டும். சர்க்கரையை, புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் வந்தால் அந்த மருந்தை வாங்காமலிருக்க அதுவே போதுமான காரணம்.

வாதத்துக்கு என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடியைத் தொடவே தொடாதீர்கள். வருடக்கணக்கான வலி இரண்டே நாளில் பஞ்சாகப் பறந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரை எகிறும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவப் பிரிவுக்குப் போய், அவர்கள் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சில வருடம் தைலம், ஒற்றடம், பயிற்சி எல்லாம் ஓடியபின் ஒரு கட்டத்தில் முழங்கால் இனித் தாங்காது. வில்லாக வளைந்த கால், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கழிப்பறைக்கு நடக்கக் கைத்தாங்கல் என்று வந்தால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் வாங்குவதுதான் சரி. நல்ல சித்த மருத்துவர் அதை அவரே சொல்லிவிடுவார். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், செந்தூரம், லேகியம் எல்லாவற்றையும் இரண்டு டாக்டருக்கும் தெரிவித்து நிறுத்துங்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். முட்டியில் மூசாம்பரப் பற்று (உலர்ந்த கற்றாழைச் சாற்றைக் குழைத்துப் பூசுவது) போடுவதையும் சூட்டு ஒற்றடத்தையும் அந்த நாளிலேயே நிறுத்திவிட வேண்டும். தோலில் ஒரு கொப்புளமோ புண்ணோ இருந்தால் கிருமி உள்ளே போய்விடும் என்று மேஜைவரை வந்த அறுவையைத் தள்ளிவைத்து, மறுபடி வரிசையில் கடைசியில் நிற்கச் சொல்லிவிடுவார்கள்.